இடப்பக்கக் கொக்கி

செத்துப்போன காருக்கும் மரியாதை உண்டு என்று நினைப்பவர் துப்பறிவாளர் ஆம்ப்ளர். தொப்பியைக் கழற்றிய பிறகுதான் தார்ப்பாயைத் தூக்கினார். அவருடைய உதவியாளர் டில்லிக்கு அந்த மாதிரி வழக்கங்கள் கிடையாது. அவள் முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ், உள்ள யாரோ மாடு கட்டிப் பால் கறந்திருக்காங்க."

பச்சை நிறக் கார். இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை, வயது டில்லியைவிட அதிகம். வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டும் எங்கள் யார்க்‌ஷயரில் மடக்குக் கூரைக் கார் வாங்குகிறவன் ஒன்று காதலில் விழுந்தவனாக இருக்க வேண்டும், இல்லை குளித்துக்கொண்டே இருக்கப் பிரியப்படுகிறவனாக இருக்க வேண்டும். எட்வின் ஹெய்க் முதல் ரகம். முப்பது வருஷமாக இந்தக் காரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். ஊரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கல் ஓட்டுக் கூரை வேய்ந்து கொடுப்பதுதான் அவர் தொழில்.

"ஊருக்கெல்லாம் கூரை போட்டவரு, சொந்தக் கூரையாலயே போயிட்டாரு" என்றாள் டில்லி.

ஆம்ப்ளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் மெக்கானிக் ரோவீனா நிற்கிறாள் என்பது டில்லிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை காலை, ரோவீனா மெட்காஃபின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எட்வின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும் இரண்டு கொக்கிகளில் இடப்பக்கக் கொக்கி உடைந்திருந்தது. ரோவீனா அதைப் பழுது பார்த்துக் கொடுத்திருந்தாள். வழியில் மழை பிடித்தது. மேட்டுச் சாலையில் வேகமாகப் போகும்போது காற்று கூரையின் இடது முனைக்குள் புகுந்து அதை அப்படியே பின்னால் உரித்து எறிந்தது. கார் திரும்பிக் கல் சுவரில் மோதியது. எட்வின் அங்கேயே போய்விட்டார்.

போலீஸ் வந்து பார்த்தது. இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்தார். வலப்பக்கக் கொக்கி பூட்டியபடியே சட்டத்தோடு பிய்ந்து கிடந்தது. இடப்பக்கக் கொக்கி முழுசாக, திறந்து கிடந்தது. புதிதாகப் பழுது பார்த்தது எது? இடது. கழன்றது எது? இடது. கணக்கு முடிந்தது என்று இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாளை காலை மரண விசாரணை. அதில் ரோவீனாவின் வேலைதான் காரணம் என்று முடிவானால் ஒர்க்‌ஷாப் மூடப்படும். அதற்குப் பிறகு போலீஸ் அவளைக் கூப்பிடுவார்கள்.

"எனக்கே தெரியல சார்" என்றாள் ரோவீனா. அவள் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றில் ஒரு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தன. "அரைச் சுத்துக் கம்மியா விட்டுட்டேனோ என்னமோ. ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்ப அதையே முடுக்கிப் பாக்கறேன். ஒரு தடவை சரியா இருக்கு, ஒரு தடவை லூசா இருக்கு. நாளைக்கு நானே தப்பை ஒத்துக்கிட்டா என்ன? தூக்கமாவது வரும்."

ரோவீனாவின் அண்ணன்தான் ஆம்ப்ளரை அமர்த்தியிருந்தான். ஒரு வாரமாக அலைந்தும் கையில் ஒன்றும் இல்லை.

என்ன வேலை செய்தாள் என்று மறுபடி சொல்லச் சொன்னார். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறாள். வளைந்த ஊசியைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறாள். கொக்கியின் கழுத்தில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, வலப்பக்கத்துக்கு என்ன இறுக்கமோ அதே இறுக்கம் இடப்பக்கத்துக்கும் வரும்வரை மூடிமூடித் திறந்து பார்த்திருக்கிறாள். கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இரண்டு கொக்கிகளின் நாக்கிலும் தீக்குச்சியால் தொட்டு ஒரு பொட்டு வெள்ளை கிரீஸ். அப்போது எட்வின் வந்துவிட்டார். வெயில் அடித்தது. கூரையை மடக்கியே கொடு என்றாராம்.

"அப்புறம் நீ மூடிப் பாக்கலையா?"

"இல்ல சார். வெயில் இருக்கறப்ப அவர் காரோட கூரையை மூடினா கோவிச்சுக்குவார்."

ஆம்ப்ளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். வலப்பக்கக் கொக்கியைப் பார்த்தார். கிரீஸ் நசுங்கி, இழுபட்டு, கறுத்துப் போயிருந்தது. இடப்பக்கத்துக்கு வந்தார். நீண்ட நேரம் அங்கேயே நின்றார்.

"டில்லி, இங்க வா. என்ன தெரியுது?"

"கிரீஸ்."

"கிரீஸ்மேல?"

டில்லி குனிந்தாள். வெள்ளைப் பொட்டு கேக்கின் மேல் வைத்த கிரீம் மாதிரி அப்படியே இருந்தது. அதன் நடுவில் தீக்குச்சி இழுத்த கோடு ஒன்று.

"கோடு இருக்கு பாஸ்." நிமிர்ந்தாள். "கோடு இருந்தா... இது மூடவே இல்ல."

"மூடலை. மூடப் பாக்கவும் இல்லை. தொட்டிருந்தாலே கோடு போயிருக்கும். கழண்டுக்கணும்னா முதல்ல மாட்டணும்ல? ரோவீனா, உன் கொக்கி கழலலை."

ரோவீனாவின் விரல்கள் நின்றன. அவள் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று டில்லி எதிர்பார்த்தாள். வரவில்லை. எட்வினுக்கு அந்தக் கார் உயிர் என்றாள் ரோவீனா. மழையில் ஒரு பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மேட்டில் ஏற அவருக்குப் பைத்தியமா என்று நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். கிரீஸைக் காட்டினால், அவளே இப்போது தடவிவிட்டாள் என்பார்கள் என்றாள்.

அவள் சொன்னது நியாயம். ஆம்ப்ளர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். டில்லி அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். இடப்பக்கத் தரையில் ஒரு காகிதக் கோப்பை மூடியோடு நசுங்கிக் கிடந்தது. விரிப்பெல்லாம் கெட்டுப்போன பால் தேநீர்.

மேட்டுச் சாலை தொடங்கும் இடத்தில் பிரெண்டாவின் தேநீர் வண்டி நிற்கும். அந்தக் காகிதக் கோப்பை வேறு எங்கிருந்தும் வந்திருக்க முடியாது. பிரெண்டாவின் டீயைக் குடித்தவர்கள் கோப்பையைக்கூட மறக்க மாட்டார்கள். ஆம்ப்ளர் ரோவீனாவிடம் அவளுடைய மஞ்சள் காரை இரவல் வாங்கிக்கொண்டார். அதுவும் அதே ரகம், அதே கொக்கி. ஓட்டிப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று நினைத்தார். பிடிபட்டது டில்லியின் கழுத்துதான்.

"கூரையைத் திறந்துபோட்டுட்டு இந்தக் குளிர்ல போறதுக்குப் பேரு சந்தோஷமா பாஸ்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்தா பெட்ரோலாவது மிச்சம்."

பிரெண்டா செவ்வாய்க்கிழமையை மறக்கவில்லை. எட்வின் வந்தபோது கூரை திறந்திருந்தது. ஆனால் வண்டிக்கு அப்பால் தள்ளி நிறுத்தியிருந்தார். அங்கிருந்து இந்தப் பக்கம் அவர் தலை மட்டும்தான் தெரிந்தது, அந்தப் பக்கம் தெரியவில்லை. இறங்கி வந்து இரண்டு டீ வாங்கினார். ஒன்றில் சர்க்கரை தாராளமாக, ஒன்றில் சர்க்கரையே வேண்டாம். திரும்பிப் போகும்போது மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து கூரையை இழுத்து மூடினார்.

"அப்பதான் கேட்டேன் கண்ணு" என்றாள் பிரெண்டா. "'ஆச்சா?'ன்னு கேட்டார். இங்க வரைக்கும் காதுல விழுந்துச்சு. உள்ள ஆள் இல்லாமயா கேப்பார்? கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் கிளம்பிட்டார். அதுக்கு மேல நானும் பாக்கல, அடுப்புல பேக்கன் கருகிட்டிருந்துச்சு."

பதில் கேட்டதா என்று ஆம்ப்ளர் கேட்டார். மழையில் அவள் பதில் கேட்கவில்லை. போலீசிடம் இதைச் சொன்னாளா என்றார். கேட்டால்தானே சொல்ல முடியும் என்றாள்.

காருக்கு வந்ததும் டில்லி விரலை மடக்கினாள்.

"ரெண்டு டீ. ரெண்டு ஆள். இவர் வலப்பக்கத்தைப் பூட்டிட்டு 'ஆச்சா'ன்னு கேக்கறார். இடப்பக்கத்து ஆளு பூட்டாமலே 'ஆச்சு'ங்குது. மேடு ஏறறதுக்கு முன்னால பஸ் ஸ்டாப் இருக்கு. ஏதோ சாக்கு சொல்லி அங்க இறங்கிக்குது. மிச்சத்தைக் காத்து பாத்துக்கிச்சு. கத்தியும் வேண்டாம், விஷமும் வேண்டாம். பாஸ், நம்ம கிர்க்பெக் ஊர்ல சர்க்கரை இல்லாம டீ குடிக்கற ஆளு யாரு?"

ஆம்ப்ளருக்குத் தெரியும். துக்கம் கேட்கப் போன அன்று அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்த எட்வினின் மனைவி மார்ஜரி, தன் கோப்பையில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை. எட்வின் போவதற்கு முந்தின வாரம் அந்த வீட்டில் ஒரே சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று அழகாகப் பொருந்தியது. அவ்வளவு அழகாகப் பொருந்தியதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ரோவீனாவுக்கு நாளை ஒரு குற்றவாளி தேவை. வண்டியைத் திருப்பினார்.

மார்ஜரி ஹெய்க் நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். கணவன் போன மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள் என்று ஊர் அதற்கும் பேசியது. டில்லி வரவேற்பு மேசைக்குப் போய்ச் சிரித்துப் பேசினாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"கவுந்துட்டோம் பாஸ். செவ்வாய்க்கிழமை அந்த அம்மா காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் தண்ணிக்குள்ளயே இருந்திருக்கு. தொட்டில் குழந்தைங்க வகுப்பு. ஒரு தாய் முழுசையும் போன்ல படம் பிடிச்சு வெச்சிருக்கா. நான் பாத்தேன். சாட்சி சொல்ல ஊர்ல பாதிக் குழந்தைங்க இருக்கு, பேசத்தான் வராது."

ஆம்ப்ளர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்படியானால் இடப்பக்கத்தில் இருந்தது யார்? யாரோ ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த யாரோவை நாளை காலைக்குள் எங்கே போய்த் தேடுவது? தன்னால் ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவரைச் சுட்டது.

அப்போது மார்ஜரியே ஈரத் தலையோடு வெளியே வந்தாள். மஞ்சள் காரைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். கொஞ்சம் பேச வேண்டும் என்றார் ஆம்ப்ளர். குழந்தைகளின் பெற்றோர் முன்னால் வேண்டாம் என்று அவள் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மூன்றாவது ஆளுக்கு அந்தக் காரில் இடம் இல்லை. டில்லி உருளைக்கிழங்கு வறுவல் வாங்கப் போனாள்.

எங்கே தொடங்குவது என்று ஆம்ப்ளருக்குத் தெரியவில்லை. மார்ஜரியே பேசினாள். குளத்து மருந்து கண்ணை எரிக்கிறது என்றாள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் வேலைக்கு வந்தேன் என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. தூறல் மழையானது.

ஆம்ப்ளர் பின்னால் கையை நீட்டிக் கூரையை இழுத்தார். தன் பக்கக் கொக்கியை முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. இன்னும் இழுத்தார். விரல் நசுங்கியது. கடைசியில் ஒருவழியாகப் பிடி உள்ளே விழுந்தது.

மார்ஜரி பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே, மேலே பார்க்காமலே, அவள் இடது கை உயர்ந்தது. கூரையின் முனையை ஒரு இழுப்பு, கொக்கியை மாட்டி, பிடியை மடக்கி, உள்ளங்கையால் ஒரு தட்டு. கை மறுபடி மடிக்கு வந்துவிட்டது. குழந்தைகளுக்குத் தண்ணீர் பயம் எப்படிப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் ஹெய்க். இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"மேல பாருங்க."

மார்ஜரி அண்ணாந்து பார்த்தாள். பூட்டியிருந்த கொக்கியைப் பார்த்தாள். தன் கையையும் பார்த்தாள்.

அது அவளுடைய பக்கம் என்றாள். கல்யாணமான வருஷத்திலிருந்தே அப்படித்தான். வலது அவருக்கு, இடது அவளுக்கு. ஒருவரே இரண்டையும் போடுவதற்குள் இருவரும் நனைந்துவிடுவார்கள். தன்னுடையதைப் போட்டதும் ஆச்சா என்று கேட்பார், அவள் ஆச்சு என்பாள். மழைக்காலத்தில் அவள் இல்லாமல் அவர் அந்தக் காரை வெளியே எடுத்ததே இல்லை.

ஆம்ப்ளரின் மனத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி நின்றன. சர்க்கரை இல்லாத டீ, மூடியைத் திறக்காமலே தரையில் கவிழ்ந்த கோப்பை, கோடு அழியாத கிரீஸ். பிரெண்டாவின் காதில் விழுந்த ஆச்சா. இடப்பக்கத்தில் ஆள் இல்லை. இருந்தது ஆளுக்கான இடம் மட்டும்தான். குற்றவாளி வேண்டுமென்று வந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு பழக்கம். பழக்கத்துக்கு யார் விலங்கு போடுவது?

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். ஸ்க்ரூ திருகும் அந்த இரண்டு விரல்கள் நினைவுக்கு வந்தன. சொன்னார். தேநீர் வண்டியை, இரண்டு கோப்பைகளை, பிரெண்டா கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னார்.

மார்ஜரி முன்கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, பதில் வராமல் அவர் எப்படிக் கிளம்பினார் என்பதுதானே உங்களுக்குப் புரியவில்லை என்று கேட்டாள். ஆமாம் என்றார் ஆம்ப்ளர்.

"நான் கோவமா இருந்தா பதில் சொல்ல மாட்டேன்" என்றாள் மார்ஜரி. "ஆனா கொக்கியைப் போட்டுருவேன். எவ்வளவு சண்டைன்னாலும் கொக்கியைப் போட்டுருவேன். அது எட்வினுக்குத் தெரியும். பதில் வரலைன்னா, இவ இன்னும் கோவமா இருக்கா, ஆனா ஆச்சுன்னு எடுத்துக்குவார்."

ஆம்ப்ளர் மேலே பூட்டியிருந்த இடப்பக்கக் கொக்கியைப் பார்த்தார்.

"அவர் போறதுக்கு முந்தின வாரம் அந்தக் கொக்கியை உடைச்சது நான்தான். ஏதோ கோவத்துல அடிச்சு மூடினேன். ஸ்பிரிங் போச்சு. உனக்கு எதையும் மெதுவா மூடத் தெரியாதுன்னார். அப்ப இனிமே என் பக்கத்தையும் நீயே போட்டுக்கோன்னேன்." அவள் குரல் உடையவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது ஆம்ப்ளருக்குக் கஷ்டமாக இருந்தது. "அதுக்கப்புறம் நாங்க பேசிக்கல. நான் பக்கத்துல இல்லைங்கறதையே மறந்துட்டு எனக்கும் ஒரு டீ வாங்கியிருக்கார் பாருங்க."

டில்லி வறுவல் பொட்டலத்தோடு கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

ஆம்ப்ளர் மெல்லச் சொன்னார். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் கிரீஸைப் பற்றி மட்டும் அவர் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மிச்சத்தைச் சொல்லக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான் இருக்கிறாள். அவள் நாளை வரவேண்டும் என்று கட்டாயப்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. வந்து எல்லோர் முன்னாலும், நீயே போட்டுக்கோ என்ற அந்த வார்த்தையை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க மனமும் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அந்த மெக்கானிக் பொண்ணு தூங்கறாளா?" என்று கேட்டாள் மார்ஜரி.

"இல்ல. தப்பு தன்னோடதுன்னு நினைச்சுட்டு இருக்கா. நாளைக்கு அப்படித்தான் சொல்லப்போறா."

"இப்ப எங்க இருப்பா?"

"ஒர்க்‌ஷாப்ல."

"அப்ப அங்க போங்க. முதல்ல அவகிட்ட சொல்லணும், அவ கொக்கி நல்லாத்தான் இருந்துச்சுன்னு. நாளைக்குச் சொல்லவேண்டியதை நாளைக்குச் சொல்லிக்கறேன்."

ஆம்ப்ளர் எஞ்சினைக் கிளப்பினார். கியர் பக்கம் கை போனது. மார்ஜரி நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கேளுங்க" என்றாள்.

ஆம்ப்ளருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கியரிலிருந்து கையை எடுத்தார். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தது.

"ஆச்சா?"

மார்ஜரி கையைத் தூக்கினாள். ஏற்கெனவே பூட்டியிருந்த கொக்கியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள், மெதுவாக.

"ஆச்சு" என்றாள்.